நீலக்குடைப் பிள்ளையின் நடை

சேகர் முதலாளி முதன்முதலாக என் வீட்டுக்கு வந்தபோது ஒரு கையில் பென் டிரைவும் மறு கையில் ஒரு பை மிளகும் கொண்டுவந்தார். மிளகு எனக்கு. பென் டிரைவ் வேலைக்கு.

"தங்கச்சி, நம்ம கம்பனி லோகோவ பாத்திருப்பீங்கதானே?" என்றார்.

பொய் சொல்ல வரவில்லை. "பாத்த ஞாபகம் இல்ல சேர்" என்றேன்.

"பரவாயில்ல. பாத்தவங்களும் அப்பிடித்தான் சொல்றாங்க" என்று சிரித்தார்.

மாத்தளை நகரில், எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் இருந்து மோஷன் கிராபிக்ஸ், அதாவது வரைந்ததை அசைய வைக்கும் வேலை செய்கிறேன். முன்பு கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனத்தில் இருந்தேன். மகள் பிறந்த பிறகு ஊருக்கே வந்துவிட்டோம். கணவர் ரவி கலேவெலயில் உரக்கடை வைத்திருக்கிறார். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவார். மகள் கவிஷா நாலாம் ஆண்டு படிக்கிறாள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் லோகோ அனிமேஷனை எங்கே தொடங்குவது என்று எனக்கு எழுதிக் கேட்பார்கள். நான் செய்த லோகோக்களில் ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றில் கற்றதெல்லாம் யூடியூபிலும் இருக்கிறது. இதில் கற்றது அங்கே இல்லை.

1. பென் டிரைவில் இருந்தவை

சேகர் முதலாளிக்கு மிளகு, ஏலம், கராம்பு வியாபாரம். அதில் வருவதைப் படத்தில் போடுகிறவர். 'நீலக்குடை பிலிம்ஸ்' அவருடைய கம்பனி. சில டெலிநாடகங்கள் எடுத்திருந்தார். இப்போது பெரிய திரைக்கு ஒரு படம் முடிந்து கையில் இருந்தது. அதற்குப் புது லோகோ வேண்டும்.

பென் டிரைவில் பழைய லோகோக்கள் இரண்டும் இருந்தன. முதலாவது, கம்பனி தொடங்கிய காலத்தில் வீட்டிலேயே செய்தது. கறுப்பு அட்டையில் குடை பிடித்த ஒரு சிறுமியை வெட்டி, பல்புக்கு முன்னால் வைத்துக் கையால் இழுத்து வீடியோ கமெராவில் பிடித்திருந்தார்கள். குடைக்கு மட்டும் நீலக் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தது. கால் அசையாது. தண்டவாளத்தில் வருவதுபோல் சறுக்கி வருவாள், நிற்பாள். அட்டையின் விளிம்பில் கத்தரிக்கோல் தவறிய இடங்கள் தெரியும். இழுத்த கை நடுங்கியிருக்கிறது என்பதும் தெரியும்.

இரண்டாவது, வெளியே கொடுத்துச் செய்வித்தது. தங்க எழுத்துகள் சுழன்று வரும், இடி இடிக்கும், தீப்பொறி பறக்கும், கடற்கரைக் குடை போன்ற ஒன்று விரியும். சிறுமி கிடையாது.

"இது எனக்குப் புடிச்சிருந்திச்சி" என்றார் முதலாளி. "வீட்லதான் புடிக்கல்ல. 'புள்ள எங்க'ன்னு கேட்டா. அதோட சரி. அந்த லோகோ வந்த எதையும் அவ உக்காந்து பாத்ததே இல்ல."

"அப்ப இந்தத் தடவ?"

"பழைய மாதிரி புள்ள வரணும். ஆனா இழுத்துட்டு வர்ற மாதிரி இல்ல, உசுரோட நடக்கணும். என் மிஸிஸ் ஓகேன்னா ஓகே. எங்கிட்ட கேக்காதீங்க, எனக்கு இடியும் மின்னலுந்தான் தெரியும்."

கதை எளிது. மலை விளிம்பில் ஒரு பாதை. குடை பிடித்த சிறுமி நடந்து போகிறாள். வளைவை அடைந்ததும் பின்னாலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள். நிற்கிறாள், நம் பக்கம் திரும்புகிறாள். குடையின் நீலம் விரிந்து திரை நிறைகிறது. கம்பனியின் பெயர் வருகிறது. வேலைக்கு ஒப்புக்கொண்டேன்.

2. நல்ல கரெக்ஷன்

நடையைக் கற்பனையில் வரைவது கஷ்டம். அதனால் எங்கள் தொழிலில் 'ரெபரன்ஸ்' எடுப்போம். உண்மையான ஓர் ஆளை நடக்கவிட்டு வீடியோ எடுத்து, அதன்மேல் ப்ரேம் ப்ரேமாக உருவத்தை வரைந்துகொண்டு போவது. இதற்கு ரோட்டோ என்று பெயர். வீட்டில் அளவான உயரத்தில் ஒரு பிள்ளை இருக்கும்போது வெளியே தேடுவானேன்? ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் கவிஷாவை நடக்கவிட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் வேலை முடிந்தால் ஃபலூடா என்று பேச்சு.

குடையை முதலாளி வீட்டிலிருந்து டிரைவரிடம் கொடுத்தனுப்பினார்கள். சிறுபிள்ளைக் குடை. துணி புதிது. கம்பி ஒன்று வளைந்து, பிறகு நிமிர்த்தப்பட்டிருந்தது. கைப்பிடி பிளாஸ்டிக்கில் பல் பதிந்த தடம் இருந்தது. பழைய சாமானைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள், நல்ல கலை இயக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வடிவத்தை அனுப்பியதும் முதலாளியின் மனைவி ராணியக்காவிடமிருந்து வொய்ஸ் மெசேஜ் வந்தது. தாழ்ந்த குரல். பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல் பேசுவார்.

"வசந்தி, நல்லாருக்கு. ஒன்னே ஒன்னுதான். புள்ள ரொம்ப நேரா நடக்குது. வலது தோள் கொஞ்சம் எறங்கணும். புத்தகப் பை அந்தப் பக்கந்தானே தொங்கும்."

வாடிக்கையாளர்களின் கரெக்ஷன் எப்படி இருக்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். 'லோகோவைப் பெரிசாக்குங்க', 'கோல்ட் பத்தாது', 'என்னமோ கொறையுது, என்னான்னு தெரியல்ல'. இருபது வருடத்தில் தோள் இறங்க வேண்டும் என்று சொன்னவர் ஒருவருமில்லை. மாற்றிப் பார்த்தேன். அதுவரை பொம்மையாக இருந்த உருவம் ஒரு பிள்ளையாகியிருந்தது.

அடுத்த வாரம்: "குடைய நேரா புடிக்க மாட்டா. எடது தோள்ல சாச்சிருப்பா, கம்பிய சுத்திக்கிட்டே." பிறகு: "நின்னதும் எடது குதிங்கால வலது கெண்டக்கால்ல தேய்க்கணும். சப்பாத்து கடிச்சாப் புள்ளைங்க அப்பிடித்தானே செய்யும்." பிறகு: "திரும்பும்போது மொதல்ல நாடி வரணும் வசந்தி. அப்பறம் கண்ணு. ஒடம்பு கடைசிலதான்."

ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இந்த அக்கா பெரிய அனிமேட்டரா வந்திருக்க வேண்டியவங்க" என்று ரவியிடம் சொன்னேன்.

"ஒனக்கு ஒழுங்கா கரெக்ஷன் சொல்ற ஆள் கெடச்சாப் போதும், கட்டுன புருஷன மறந்திருவ" என்றார் அவர். வீட்டில் சோறு ஆறிப்போயிருந்தது.

இங்கேதான் நான் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். கரெக்ஷன் வந்தால் கணினியில் அசைவின் முக்கிய நிலையான கீப்ரேமைப் பிடித்து, நிலைகளை இணைக்கும் வளைகோடான கர்வை இழுத்து மாற்றலாம். அதுதான் முறை. ஆனால் கர்வில் மாற்றினால் அசைவு இறுகிவிடும். அதனால் ஒவ்வொரு கரெக்ஷனுக்கும் கவிஷாவை மீண்டும் மாடிக்குக் கூட்டிப் போனேன். தோளை இறக்கக் காட்டிக் கொடுத்தேன். குதிங்காலைத் தேய்க்கச் சொல்லிக் கொடுத்தேன். மோவாயைப் பிடித்து, நாடி முதலில் திரும்ப வைத்தேன். கணினியில் திருத்துவதைவிடப் பிள்ளையின் உடம்பில் திருத்துவது சுலபமாக இருந்தது. அவள் சட்டென்று பிடித்துக்கொள்வாள். முந்தைய ஞாயிறு கற்றதை மறக்காமல் அடுத்ததைச் சேர்த்துக்கொள்வாள். "தோள் சரியாம்மா? நாடி சரியாம்மா?" என்று கேட்டுக் கேட்டு நடப்பாள்.

திரும்புவது மட்டும் நடிப்பாகவே இருந்தது. ராணியக்காவிடம் சொன்னேன்.

"யாராவது கூப்பிடணும்" என்று பதில் வந்தது. "கூப்பிட்டாத்தான் அப்பிடித் திரும்புவா. நான் கூப்பிட்டு அனுப்புறேன். அத போட்டுக் காட்டுங்க."

அடுத்த மெசேஜில் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. காற்றுச் சத்தம் மட்டும். பிறகு "சுஜீ!" என்று ஒரு கூப்பிடல். அதட்டல் இல்லை, அவசரம் இல்லை. கூப்பிட்ட பிறகு சொல்வதற்கு எதுவும் இல்லாதவர் கூப்பிடுவது மாதிரி இருந்தது.

லோகோப் பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். போனை ஸ்பீக்கரில் இணைத்துப் போட்டேன். கவிஷா நடந்தாள், குரல் வந்தது, நின்றாள், குதிங்காலைத் தேய்த்தாள், திரும்பினாள். எனக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. நல்ல டேக் கிடைத்தால் அப்படித்தான் இருக்கும் என்று மகிழ்ந்துபோனேன்.

அந்த டேக்கில் நான் சொல்லிக்கொடுக்காத ஒன்று இருந்தது. காலைத் தேய்த்த பிறகு, திரும்புவதற்கு முன், கவிஷா இடது பக்கம் மேலே பார்த்தாள். கண்ணிமைக்கும் நேரம்தான். திரும்பவும் எடுத்தேன். திரும்பவும் பார்த்தாள்.

"மேல என்னா பாக்குற?"

"சத்தம் கேட்டிச்சும்மா."

"என்னா சத்தம்?"

"கல்லு உருள்ற மாதிரி."

அடுத்த காணியில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள், கல் இறக்குவார்கள். அதுவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வேலை நடப்பதில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அந்தப் பார்வை இயல்பாக இருந்ததால் அதையும் வரைந்து சேர்த்தேன்.

அந்த மாதம் வகுப்பு டீச்சர் என்னைக் கண்டு, "புள்ளைக்கி சப்பாத்து எறுக்கமா? காலைக் கூட்டத்துல பேர் கூப்பிட்டா நின்னு நின்னு கால தேய்க்கிறா" என்றார். புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன்.

3. பல்லேபொல வீடு

கடைசி ஒப்புதலுக்கு முதலாளி வீட்டுக்கு நேரில் வரச் சொன்னார்கள். பள்ளி விடுமுறை. கவிஷாவைத் தனியே விட முடியாது என்று கூட்டிப் போனேன். பல்லேபொலயில் பஸ்ஸை விட்டு இறங்கி த்ரீவீலரில் உள்ளே போக வேண்டும். மேட்டில் வீடு. சுற்றிலும் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. முற்றத்திலிருந்து ஒரு பாதை சரிவில் இறங்கி, கேட்டைக் கடந்து, மலைப்பக்கம் வளைந்து மறைகிறது. அந்த வளைவை எனக்குத் தெரியும். மாதக்கணக்காக அதை வரைந்துகொண்டிருந்தேன். அவர்கள் அனுப்பிய போட்டோவைப் பார்த்துத்தான் வரைந்தேன். ஆனாலும் நேரில் கண்டபோது, நான் வரைந்ததைப் பார்த்து யாரோ இங்கே கட்டி வைத்ததுபோல் இருந்தது.

ராணியக்கா மெலிந்தவர், நரைத்த தலை. கவிஷாவை அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. "வா புள்ள, பால் குடிக்கிறியா" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். அவள் விறாந்தையில் பூனையோடு உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே லெப்டொப்பைத் திறந்து லோகோவை ஓடவிட்டேன். முதலாளி கதிரையின் பின்னால் நின்றார். சிறுமி நடந்தாள், நின்றாள், காலைத் தேய்த்தாள், மேலே பார்த்தாள்.

ராணியக்காவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"இத யார் சொன்னது?"

"எத அக்கா?"

"மேல பாக்குறத. நான் சொல்லல்ல. எந்த மெசேஜ்லயும் சொல்லல்ல. இவருக்கும் சொல்லல்ல."

"அது மக தானாப் பாத்தா. நல்லாருந்திச்சின்னு விட்டேன். வேணாம்னா எடுத்துறலாம்."

அவர் எழுந்து பக்கத்து அறைக் கதவைத் திறந்தார். அங்கே சின்னச் சிவப்பு பல்பின் கீழ் ஒரு படம், மாலையோடு. வெள்ளைச் சீருடை போட்ட சிறுமி. இடது தோளில் சாய்த்த குடை. வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கம்பனி தொடங்குவதற்கு முன்னால் நடந்தது அது. மழைக்காலக் காலை. சுஜி பள்ளிக்குப் புறப்பட்டு வளைவுவரை போய்விட்டாள். ராணியக்கா கேட்டில் நின்று கூப்பிட்டிருக்கிறார்.

"எதுக்குக் கூப்பிட்டேன்னு எல்லாரும் கேட்டாங்க. சும்மாதான் கூப்பிட்டேன் வசந்தி. மொகத்த இன்னொரு தரம் பாக்கணும்னு தோணிச்சி. நின்னா. கால தேய்ச்சா. மேல பாத்தா. சத்தம் எனக்கும் கேட்டிச்சி. ஓடுன்னு சொல்லியிருக்கணும். வாய் வரல்ல. என்னப் பாத்துத் திரும்பிச் சிரிச்சா. அதுக்குள்ள மலையிலருந்து மண்ணு சரிஞ்சி வந்திருச்சி."

அட்டையில் பிள்ளையை வெட்டியதும், பல்புக்கு முன்னால் இழுத்ததும் ராணியக்காதான் என்று பிறகு அறிந்தேன். முதலாளி அந்த நேரம் அறையில் இல்லை, வெளியே போய்விட்டிருந்தார்.

எனக்கு அங்கிருந்து போக வேண்டும்போல் இருந்தது. ஆறுதலாக ஏதோ சொன்னேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. லெப்டொப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தால் தூறல் போட்டிருந்தது. திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்த குடையை விரித்துக்கொண்டு கவிஷா எனக்கு முன்னால் இறங்கிப் போயிருந்தாள். கேட்டைத் தாண்டி, பாதையில், வளைவை நோக்கி. த்ரீவீலர் அந்தப் பக்கம்தான் நின்றது.

என் முதுகுக்குப் பின்னால் விறாந்தையிலிருந்து குரல் வந்தது.

"சுஜீ!"

கவிஷா நின்றாள். குதிங்காலைத் தேய்த்தாள். இடது பக்கம், மலையை, மேலே பார்த்தாள்.

"கவிஷா!" என்று கத்தினேன். "கவிஷா, வா இங்க!"

அவள் என்னைப் பார்க்கவில்லை. முதலில் நாடி திரும்பியது. பிறகு கண். அந்தப் பார்வை என்னைக் கடந்து விறாந்தைக்குப் போயிற்று. சிரித்தாள்.

"இன்னொருக்கா கூப்பிடாத ராணி" என்று முதலாளி தாழ்ந்த குரலில் சொன்னது கேட்டது. நான் சேற்றில் ஓடிப்போய் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வளைவைத் தாண்டினேன். மலை அசையவில்லை. ஒரு கூழாங்கல்கூட விழவில்லை.

4. மஞ்சள் கடவை

அதோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். பைலை அனுப்பினேன். குடையை டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன், அது திரும்பி வந்தது. 'புள்ளைக்கே இருக்கட்டும்' என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அலுமாரிக்கு மேலே போட்டேன். வொய்ஸ் மெசேஜ்களை அழித்தேன்.

பள்ளி தொடங்கி ஒரு நாள், மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் மஞ்சள் கடவையில் ரோட்டைக் கடந்தேன். ஒரு கையில் மரக்கறிப் பை. மறு கையைக் கவிஷா பாதி வழியில் உதறிவிட்டு இரண்டடி முன்னால் போனாள், வளர்ந்த பிள்ளையாம். அப்போது எதிர்ப்பக்கத்தில் ஒரு பெண் தன் தோழியை, "சுஜீ! சுஜீ!" என்று கூப்பிட்டாள்.

என் மகள் நடு ரோட்டில் நின்றாள். காலைத் தேய்த்தாள். மேலே பார்த்தாள்.

பஸ் பிரேக் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "பிஸ்ஸுத நோனா?" என்று சிங்களத்தில் கத்தினான். பைத்தியமா என்று கேட்டது நியாயம்தான். தக்காளிகள் ரோட்டில் உருண்டன. ஒருவர் பொறுக்கிக் கொடுத்தார். நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் நின்ன?"

"கூப்பிட்டாங்கல்ல."

"அது ஒன் பேர் இல்லயே."

"தெரியும்மா. ஆனா காலு நின்னிருச்சி."

ரவியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு கவிஷா அடுப்படியிலிருந்து வந்தபோது, விளையாட்டாக "சுஜி!" என்றார். தட்டோடு நின்றாள். குழம்பு சரிந்து தரையில் ஊற்றியது. நின்றபடி காலைத் தேய்த்து, சீலிங்கைப் பார்த்து, நாடியைத் திருப்பினாள். அன்று ரவி சாப்பிடவில்லை. "இனி இந்த வீட்ல யாரும் அந்தப் பேர சொல்லக்கூடாது" என்றார். வீட்டில் சொல்லாமல் இருக்கலாம். ஊரெல்லாம் எத்தனை சுஜி இருக்கிறார்கள்? டாக்டரிடம் காட்டினோம். பிள்ளை நன்றாக இருக்கிறாள், மறந்துவிடுவாள் என்றார். கோயிலில் நூல் கட்டினோம். நான் அவளைத் தனியே கேட்டுக்கு வெளியே விடுவதை நிறுத்தினேன். பள்ளிக்குள் விட்டுவிட்டு மதில் ஓரமாகவே நின்றேன். வரைந்ததை வீடியோவாக்கும் ரெண்டர் ஓடும் கணினிக்கு முன்னால் இருந்தாலும் காது தெருவில் இருக்கும். எங்கோ ஒரு பெண் குரல் உயர்ந்தால் எழுந்து ஓடுவேன்.

5. புள்ளைக்கான கரெக்ஷன்

வேறு வழி தெரியாமல் ராணியக்காவுக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம வாறேன்" என்றார்.

வந்தார். தனியாக, வேனில். நேரே மாடிக்கு ஏறினார். "இன்னொரு கரெக்ஷன் இருக்கு வசந்தி."

"லோகோ குடுத்தாச்சே அக்கா."

"அது எனக்குச் செஞ்சது. இது புள்ளைக்கி."

அலுமாரி மேலிருந்த குடையை எடுத்துவரச் சொன்னார். நான் மாட்டேன் என்று நின்றேன். ரவிதான் எடுத்து வந்தார். கவிஷா குடையை வாங்கித் தோளில் சாய்த்த உடனே அவளது வலது தோள் இறங்கியது. பழக்கத்தில் என் கை போனை எடுத்து ரெக்கோர்ட் பட்டனை அழுத்தியது. அதற்கு எனக்கே விளக்கம் இல்லை.

கவிஷா நடந்தாள். "சுஜீ!" என்றார் ராணியக்கா. அவள் நின்றாள்.

"நிக்காத. போ."

கவிஷா குழம்பிப்போய்த் திரும்பினாள். "நிக்கணும்னு நீங்கதானே ஆன்டி சொன்னீங்க?"

"நான் பிழையாச் சொல்லிட்டேன் மக. யார் கூப்பிட்டாலும் நிக்கக்கூடாது. திரும்பக்கூடாது. போய்க்கிட்டே இருக்கணும். எங்க, திரும்ப வா."

மறுபடி நடந்தாள். மறுபடி நின்றாள். எத்தனை தடவை என்று தெரியாது. கூப்பிடுகிற குரல் ஒவ்வொரு தடவையும் மாறிக்கொண்டே போயிற்று. முதலில் எனக்குத் தெரிந்த அந்த மெல்லிய கூப்பிடல். பிறகு அதட்டல். பிறகு அந்த மெலிந்த உடம்பில் இருந்து வருமென்று நம்ப முடியாத ஓர் ஓலம். பக்கத்து வீட்டார் மாடிக்கு வந்து பார்த்தார்கள். "சுஜீ, ஓடு! மேல பாக்காத, ஓடு!"

ஒரு தடவை கவிஷாவின் குதிங்கால் பாதி உயர்ந்தது. காற்றில் அப்படியே நின்றது. பிறகு கீழே இறங்கியது. அவள் ஓடினாள். குடை பின்னால் இழுபட, மாடியின் கடைசிவரை ஓடிச் சுவரில் கையை வைத்து நின்றாள்.

"போயிட்டா" என்றார் ராணியக்கா. தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "தாண்டிப் போயிட்டா, பாத்தீங்களா?"

சுவரருகே நின்ற என் மகளை அவர் பார்க்கவில்லை. அதற்கும் அப்பால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். ரவியும் நானும் அந்தத் திக்கில் பார்த்தோம். வானம்தான் இருந்தது.

இறங்கும்போது சொன்னார்: "லோகோலயும் இதையே போடுங்க."

முதலாளி ஒரே ஒரு தடவை தடுத்தார். "முதுகு காட்டிப் போற மாதிரி ஆரம்பத்துல வச்சா படம் ஓடாதுன்னு சொல்வாங்க தங்கச்சி. சினிமாக்காரங்க அத ரொம்பப் பாப்பாங்க." பிறகு அவரே, "ராணி சொல்லிட்டாதானே. சரி, விடுங்க" என்றார்.

இப்போது திரையில் வருவது அந்த டேக்கை வைத்து வரைந்தது. சிறுமி நடக்கிறாள். ஒரு குரல் கூப்பிடுகிறது. கால் தயங்குகிறது. அவள் ஓடி, வளைவைத் தாண்டி, ப்ரேமை விட்டு வெளியே போகிறாள். வெறும் பாதை கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கிறது. பிறகுதான் எழுத்து வருகிறது. தியேட்டரில் முதல் காட்சியன்று எனக்குப் பின்னால் இருந்த ஒருவர், "என்னடா, முடிவே இல்ல" என்றார். ராணியக்கா லோகோ முடிந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். படத்தைப் பார்க்கவில்லை.

கவிஷா என் காதருகே சொன்னாள்: "அம்மா, அது நான் இல்ல."

"நீதான். ஒன்ன வச்சித்தானே வரஞ்சேன்."

"நான் செவத்துல நின்னுட்டேன்ல. அவ நிக்கலயே."

இருட்டில் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ப்ரேமுக்கு வெளியே போன உருவத்தை யாரும் வரைவதில்லை. நானும் வரையவில்லை.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வாடிக்கையாளரின் கரெக்ஷன் அளவுக்கு மீறிச் சரியாக இருந்தால், வேலையை நிறுத்திவிட்டு யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். அசைவு இறுகிப்போனாலும் கர்விலேயே திருத்துங்கள். ரெபரன்ஸ் வேண்டுமானால் உங்கள் உடம்பை வைத்து எடுங்கள். சிரிப்பு வரும்படி இருக்கும், ஆனாலும் நீங்களே நடந்து எடுங்கள். கணினியில் தப்பாகச் செய்ததை ஒரு பட்டனில் திருப்பி எடுத்துவிடலாம். பிள்ளையிடம் அந்தப் பட்டன் இல்லை. ஒன்றைக் கற்றுக்கொடுத்தோம், பிறகு அதற்கு மேலே இன்னொன்றைக் கற்றுக்கொடுத்தோம். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

மேலே கற்றுக்கொடுத்தது நன்றாகவே பதிந்திருக்கிறது. கவிஷா இப்போது எந்தப் பெயருக்கும் நிற்பதில்லை. சுஜி என்றாலும் இல்லை, கவிஷா என்றாலும் இல்லை. பள்ளிக்குப் புறப்பட்டால் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். நல்லதுதான் என்று ரவி சொல்கிறார். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

இன்று காலை தண்ணீர்ப் போத்தலை மேசையில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் கேட்டுக்கு வருவதற்குள் தெருமுனையை நெருங்கியிருந்தாள். வாய்வரை பெயர் வந்தது. கூப்பிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, போத்தலோடு, அவள் பின்னால் ஓடினேன்.